இரட்டை மருந்து தந்த டாக்டர் சுப்பாராவ்

1921-ம் ஆண்டு. கோதாவரிக் கரைப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம் ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு சாவு விழுந்தது. அண்ணன் புருஷோத்தமும் தம்பி கிருஷ்ணமூர்த்தியும் சில நாள் இடைவெளியில் கண்ணை மூடினார்கள்.

இருவரையும் கொண்டுபோனது ஒரே நோய். நம் நாட்டு வைத்தியர்கள் அதைக் கிராணி என்பார்கள். இங்கிலீஷ் டாக்டர்கள் ஸ்ப்ரூ என்பார்கள். வயிறு ஓயாமல் கழியும். நாக்கும் வாயும் புண்ணாகும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. ரத்தம் வெளுத்து, ஆள் எலும்பும் தோலும் ஆகிவிடுவான்.

நடுப்பிள்ளை ஒருவர் இருந்தார். அவர் சென்னையில் டாக்டருக்குப் படித்தவர். படித்த படிப்பு உடன்பிறந்த இருவரில் ஒருவரைக்கூடக் காப்பாற்ற உதவவில்லை. அதோடு விட்டதா? அதே நோய் அவரையும் பிடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார்.

பிழைத்த அந்த மனிதர்தான் எல்லாப்ரகடா சுப்பாராவ். இன்று முடக்குவாதத்தால் கை விரல் மடக்க முடியாமல் தவிக்கும் லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடும் மாத்திரை, அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது. அந்த மாத்திரை செய்யும் கெடுதலைத் தணிக்க டாக்டர்கள் கூடவே கொடுக்கும் மற்றொரு மாத்திரையும் அதே கூடத்தில்தான் தயாரிக்கப்பட்டது.

வாழைப்பழ வியாபாரம்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமவரத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது சென்னை ராஜதானியில் இருந்தது. தகப்பனார் ஜகந்நாதம் ரெவினியூ இலாகாவில் வேலை பார்த்தவர். தாயார் வெங்கம்மா. வீட்டில் ஏழு குழந்தைகள். பணம் மட்டும் போதவில்லை.

பையனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. ஒரு நாள் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். காசிக்குப் போய், கங்கையில் முழுக வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடுவது என்பது அவன் திட்டம்! காசி போய்ச் சேருவதற்கு முன்பே தாயார் ஆள் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். பீமவரம் ஒரு வாழைப்பழ வியாபாரியை இழந்தது.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் சுப்பாராவ் இரண்டு தடவை தவறினார். பிறகு சென்னைக்கு அனுப்பப்பட்டார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது தடவை தேறினார். பரீட்சையில் தவறிய பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிடக் கூடாது. மூன்றாவது தடவை அவர் கண் விழித்துப் படித்தார்.

பிறகு மாநிலக் கல்லூரி. அங்கே கணிதத்தில் கெட்டிக்காரராக இருந்தார். ஆனால் மனம் சாமியார் ஆவதில் இருந்தது. ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தகப்பனார் 1913-ல் காலமாகிவிட்டார். தாயார் சம்மதம் தரவில்லை. மடத்தைச் சேர்ந்தவர்களோ, ஜனங்களுக்குத் தொண்டு செய்ய விரும்பினால் வைத்தியம் படிக்கலாமே என்று வழி காட்டினார்கள். இப்படித்தான் அவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார்.

கதரால் போன பட்டம்

1919-ல் சேஷகிரி என்ற பெண்ணுடன் அவருக்குத் திருமணம் நடந்தது. படிப்புச் செலவில் மாமனார் கை கொடுத்தார்.

அது காந்திஜியின் இயக்கம் நாடெங்கும் பரவிய நேரம். அந்நியத் துணியை விட்டுக் கதர் உடுத்த வேண்டும் என்ற அழைப்பு கல்லூரிகளுக்குள்ளும் கேட்டது. சுப்பாராவ் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். இங்கிலீஷ்காரப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. பரீட்சையை நன்றாக எழுதியும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். மட்டுமே கிடைத்தது. அரசாங்க வைத்திய உத்தியோகமும் கிடைக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கிராணி நோய் குடும்பத்தைத் தாக்கியது. சுப்பாராவைக் காப்பாற்றியவர் ஆயுர்வேதத்தில் பெயர் பெற்ற டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி. நோய் தீர்ந்ததும் சுப்பாராவ் அவருடைய சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியர் ஆனார்.

மருந்து தன் உயிரைக் காத்தது. அது எப்படிக் காத்தது? அதில் என்ன பொருள் இருந்தது? இதற்கு விடை சொல்லுகிற படிப்பு சென்னையில் அன்று இல்லை. அமெரிக்காவில் இருந்தது.

மாமனார் உதவினார். காக்கிநாடாவில் உள்ள தர்ம ஸ்தாபனம் ஒன்றும் உதவியது. சுப்பாராவ் கப்பல் ஏறினார். படித்து முடித்ததும் ஊர் திரும்புவதாகத்தான் பேச்சு. இளம் மனைவி கரையில் நின்றுவிட்டார்.

மலச்சட்டி கழுவிய டாக்டர்

1922 அக்டோபரில் அவர் பாஸ்டன் நகரில் இறங்கியபோது குளிர் ஆரம்பித்துவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உஷ்ணப் பிரதேச நோய்கள் பற்றிய வகுப்பில் சேர்ந்தார். கையில் இருந்த பணம் செலவுக்குக் காணவில்லை.

பகலில் படிப்பு. இரவில் ஆஸ்பத்திரி வேலை. டாக்டர் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நோயாளிகளின் மலச்சட்டியையும் மூத்திரச் சட்டியையும் எடுத்துக் கழுவி வைக்கும் வேலை! சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கியவர் அந்த வேலையைச் செய்து வயிற்றைக் கழுவினார்.

பிறகு ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க் என்ற பேராசிரியரின் கூடத்தில் இடம் கிடைத்தது. 1925-ல் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை ஒன்றை இருவரும் வெளியிட்டார்கள். பிஸ்க்-சுப்பாராவ் முறை என்று அதற்குப் பெயர். உலகத்து ஆராய்ச்சிக் கூடங்களில் எல்லாம் மாணவர்கள் இன்னமும் படிக்கும் பாடம் அது.

அந்த முறையைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் தசைக்குள் நுழைந்தார்கள். 1927-ல் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். 1929-ல் ஏ.டி.பி. என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டுபிடித்தார். கை அசைவதற்கும், இதயம் துடிப்பதற்கும், மூளை நினைப்பதற்கும் உடம்பு செலவழிக்கும் சில்லறைக் காசு இந்த ஏ.டி.பி.தான்.

இவ்வளவு செய்தவருக்கு ஹார்வர்டு நிரந்தர உத்தியோகம் கொடுக்கவில்லை. சுப்பாராவ் பிரித்தெடுத்த வேறு பல பொருள்கள் வெளியிடப்படாமலே கிடந்தன. அவற்றைப் பிற்காலத்தில் வேறு விஞ்ஞானிகள் மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. இதைப் பின்னாளில் வருத்தத்தோடு சொன்னவர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ். அதே பிஸ்க்கிடம் படித்த மாணவர். அவர் பெயர் இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

ஊரிலிருந்து வந்த செய்தியும் நல்லதாக இல்லை. சேஷகிரிக்கும் அவருக்கும் பிறந்த ஆண் குழந்தை, பச்சிளம் பருவத்திலேயே இறந்துபோயிற்று.

கீரையில் இருந்த உயிர்

1940-ல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டார். நியூயார்க் மாகாணத்தில் பேர்ல் ரிவர் என்ற சிற்றூரில் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனி இருந்தது. அங்கே ஆராய்ச்சித் தலைவர் ஆனார். பல்கலைக்கழகம் கொடுக்காத ஆள்பலமும் பணபலமும் ஒரு கம்பெனியில் கிடைத்தன.

முதலில் அவர் மனதில் இருந்தது ரத்தம் வெளுக்கும் நோய்.

இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. லூசி வில்ஸ் என்ற இங்கிலீஷ் பெண் டாக்டர் 1928-ல் பம்பாய் வந்தார். கர்ப்பிணிகளான ஏழைப் பெண்கள் ரத்தம் வெளுத்துச் சாவதற்குக் காரணம் தேடினார். குன்னூரிலும் ஆராய்ந்தார். சென்னையில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். சுப்பாராவ் பள்ளிக்கூடம் போன அதே திருவல்லிக்கேணி! ஈஸ்ட் சத்தைச் சாப்பிடக் கொடுத்ததும் பெண்களின் ரத்தம் ஊறுவதை அவர் கண்டார். அதில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது. அது என்ன என்று மட்டும் தெரியவில்லை.

1941-ல் டெக்சாஸ் மாகாணத்து விஞ்ஞானிகள் 4 டன் பசலைக்கீரையை அரைத்துப் பிழிந்து, அப்படிப்பட்ட சத்து ஒன்றைத் துளியளவு எடுத்தார்கள். இலையில் கிடைத்ததால், லத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லைக்கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். வண்டி வண்டியாகக் கீரை அரைத்து உலகத்து நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க முடியுமா? சுப்பாராவின் குழு 1945-ல் அதைக் கூடத்திலேயே செயற்கையாகச் செய்து காட்டியது.

மறு ஆண்டே கரீபியன் தீவுகளில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது கொடுக்கப்பட்டது. வாய்ப்புண் ஆறியது. ரத்தம் ஊறியது. படுத்தவர்கள் எழுந்தார்கள். புருஷோத்தமும் கிருஷ்ணமூர்த்தியும் இறந்து அப்போது 25 ஆண்டு ஆகியிருந்தது.

இன்று நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சத்து அந்த ஃபோலிக் அமிலம்தான்.

சத்துக்கு ஒரு சத்துரு

பாஸ்டனில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைப் பார்த்து வந்தவர். அந்த நாளில் அக்குழந்தைகளுக்கு மருந்தே கிடையாது. பெற்றோர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஃபோலிக் அமிலத்தைச் சேர்ந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தலைகீழாக இருந்தது. புற்றுநோய் இன்னும் வேகமாக வளர்வதாகத் தெரிந்தது!

வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் இதைத் திருப்பிப் போட்டு யோசித்தார்கள். இந்தச் சத்து புற்றுநோய்க்கு உணவாகிறது என்றால், உணவை நிறுத்தினால் என்ன? பார்ப்பதற்கு ஃபோலிக் அமிலம் போலவே இருந்து, அதன் வேலையைச் செய்யாமல் கெடுக்கும் ஒரு போலியைத் தயாரிக்க முடியாதா?

சுப்பாராவின் குழு தயாரித்தது. அதன் பெயர் அமினோப்டெரின். ஃபார்பர் 1947-ம் ஆண்டின் இறுதியில் அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். 1948 ஜூனில் அறிக்கை வந்தது. 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. நிரந்தரமாக அல்ல, சில காலத்துக்கே தணிந்தது. ஆனாலும் ரத்தப் புற்றுநோயை ஒரு மருந்து பின்வாங்கச் செய்ததே பெரிய செய்தி. அமினோப்டெரினைச் சற்று மாற்றி, அதே கூடத்தில் உருவாக்கப்பட்டதுதான் மெத்தோட்ரெக்சேட். அதை நோயாளிகளால் இன்னும் நன்றாகத் தாங்க முடிந்தது.

அந்தக் கூடத்தில் வேறு வேலைகளும் நடந்துகொண்டிருந்தன. யானைக்கால் நோய்க்கு 1947-ல் ஹெட்ரஜான் என்ற மருந்து வந்தது. நமது ஊர்களில் வீடு வீடாக வந்து, எதிரிலேயே விழுங்கச் சொல்லிக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை அதுதான். 1948-ல் ஆரியோமைசின் வந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. டக்கர் என்ற முதிய விஞ்ஞானி, சுப்பாராவின் மேற்பார்வையில், மண்ணில் வாழும் கிருமியிலிருந்து அதை எடுத்தார்.

ஆரியோமைசின் பற்றிய அறிவிப்பு வெளிவந்த சில வாரங்களில், 1948 ஆகஸ்டு மாதத்தில் ஒரு இரவு, தூக்கத்திலேயே சுப்பாராவ் மாரடைப்பால் இறந்தார். வயது 53. சேஷகிரி 26 ஆண்டுக்கு முன் வழி அனுப்பிய கணவரை மறுபடி பார்க்கவே இல்லை.

வீட்டைத் தாக்கும் காவல்காரன்

சுப்பாராவ் இறந்த பிறகுதான் மெத்தோட்ரெக்சேட்டின் மற்றொரு முகம் தெரிந்தது. அது அவருக்கே தெரியாது.

1951-ல் நியூயார்க் டாக்டர் ரிச்சர்ட் கப்னரும் அவருடைய கூட்டாளிகளும் முடக்குவாத நோயாளிகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தார்கள். மூட்டு வீக்கம் குறைந்தது. சொரியாசிஸ் என்னும் செதில் படையும் மறைந்தது. புற்றுநோய் மருந்துக்கும் மூட்டு வீக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

நமது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவை உடம்பின் காவல்காரர்கள். வெளியிலிருந்து கிருமி வந்தால் அடையாளம் கண்டு, ஒன்று பத்தாகவும் பத்து ஆயிரமாகவும் பெருகி, சூழ்ந்து அழிக்கும். இதுதான் நோய் எதிர்ப்புச் சக்தி.

சிலருக்கு இந்தக் காவல்காரனின் புத்தி தடுமாறிவிடுகிறது. திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனையே அடிக்கத் தொடங்குகிறான். மூட்டின் உள் ஜவ்வைத் தாக்கினால் முடக்குவாதம். காலையில் எழுந்தவுடன் விரல் மடங்காது. தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாது. நாளடைவில் மூட்டு அரிக்கப்பட்டு விரல்கள் கோணிக்கொள்ளும். தோலில் இப்படிப்பட்ட கலவரம் நடந்தால் சொரியாசிஸ்.

ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால், தன் உள்ளே இருக்கும் வம்ச ஏட்டைப் பிரதி எடுக்க வேண்டும். பிரதி எடுக்க ஃபோலிக் அமிலம் தேவை. ஆனால் அந்த அமிலம் அப்படியே பயன்படாது. ஒரு நொதி அதைப் பக்குவப்படுத்தித் தர வேண்டும். மெத்தோட்ரெக்சேட் அந்த நொதியில் போய், பூட்டில் மாட்டிக்கொண்ட கள்ளச் சாவி போல இறுகி நிற்கிறது. நல்ல சாவி உள்ளே நுழைய முடிவதில்லை. அணு பெருக முடிவதில்லை. வேகமாகப் பெருகும் புற்றுநோய் அணுவுக்கும் இதே கதிதான். வேகமாகப் பெருகும் வெள்ளை அணுவுக்கும் இதே கதிதான்.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் சிறு அளவில் இது மட்டும் நடப்பதில்லை என்பதைப் பின்னர் விஞ்ஞானிகள் கண்டார்கள். திசுக்களில் அடினோசின் என்ற பொருளை அது அதிகமாக்குகிறது. அடினோசின் வீக்கத்தையும் எரிச்சலையும் தணிக்கிறது. காவல்காரனைக் கொல்லாமல், கையில் இருக்கும் தடியைக் கீழே போடச் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அப்போது கார்ட்டிசோன் என்ற மருந்தின் புகழ் உலகமெங்கும் பேசப்பட்டது. 1950-ல் அதற்கு நோபல் பரிசே கிடைத்தது. கார்ட்டிசோன் கொடுத்ததும் படுத்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அந்த ஆரவாரத்தில் கப்னரின் செய்தியைக் கேட்பாரில்லை. கார்ட்டிசோனை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு தேய்ந்தது, முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. இவையெல்லாம் தெரிந்த பிறகுதான் டாக்டர்கள் பழைய மருந்தைத் தேடி வந்தார்கள். 1980-களில் சரியான சோதனைகள் நடந்தன. 1988-ல் அமெரிக்க அரசாங்கம் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டை அனுமதித்தது. சுப்பாராவ் இறந்து சரியாக 40 ஆண்டு!

அதே 1988-ல் ஹிட்சிங்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹார்வர்டில் சுப்பாராவைப் பார்த்திருந்த அதே மாணவர்தான். அவரும் ஜெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையாரும் சேர்ந்து அசதயோபிரின் என்ற மருந்தைச் செய்தார்கள். அதுவும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துதான். ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றொருவருக்கு வைத்தால், உடம்பு அதை அந்நியன் என்று நினைத்து அழித்துவிடும். அசதயோபிரின் வந்த பிறகுதான், 1960-களில், இரட்டைப் பிறவி அல்லாதவர்களின் சிறுநீரகமும் நிலைக்க ஆரம்பித்தது. மெத்தோட்ரெக்சேட்டுக்கும் இந்தத் துறையில் ஒரு வேலை உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்றிய பிறகு, புதிதாக வந்த வெள்ளை அணுக்கள் நோயாளியின் உடம்பைத் தாக்காமல் இருக்க அதைக் கொடுக்கிறார்கள்.

வாரத்துக்கு ஒரு நாள்

கள்ளச் சாவி எல்லாப் பூட்டிலும்தான் மாட்டும். வாயின் உள்தோல், குடல், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால் இவையும் வேகமாகப் பெருகும் இடங்கள். அதனால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்களுக்கு வாயில் புண் வரலாம். குமட்டும். முடி கொட்டலாம். ரத்த அணுக்கள் குறையலாம். வாய்ப்புண்ணும் வெளுத்த ரத்தமும் எங்கோ கேட்டது போல இருக்கிறதல்லவா? சுப்பாராவின் குடும்பத்தைத் தாக்கிய ஸ்ப்ரூவின் அடையாளங்களே அவை. அங்கே குடல் கெட்டு ஃபோலிக் அமிலம் ஏறாமல் போயிற்று. இங்கே மருந்து அதை வழிமறிக்கிறது.

ஈரலும் கெடலாம். ஆகவே மது கூடாது. அபூர்வமாக நுரையீரல் வீங்கும்; வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால் அடுத்த வேளை மருந்துக்குக் காத்திராமல் டாக்டரிடம் போக வேண்டும். காவல் தளர்ந்திருப்பதால் தொற்றுநோய் எளிதில் பிடிக்கும். காய்ச்சலை அலட்சியம் செய்யக் கூடாது. மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் பழுதானவர்களின் உடம்பில் அது தங்கி விஷமாகும். கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. கரு சிதையும், அல்லது ஊனப்படும். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பு ஊசிகளை டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. கோட்ரைமாக்சசோல் என்ற சாதாரண மாத்திரைகூட ஆபத்து. அதுவும் ஃபோலிக் அமிலத்தின் வழியில்தான் கை வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் உயிருக்கே ஆபத்தாகும்படி குறைந்துவிடலாம்.

இத்தனையும் கேட்டுப் பயந்துவிட வேண்டியதில்லை. டாக்டர் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, பல ஆண்டுகளாக இதைச் சாப்பிட்டுச் சமையலும் தையலும் செய்து வருகிறவர்கள் ஏராளம். பலன் மெல்லத்தான் தெரியும். 6 வாரம் முதல் 12 வாரம் வரை பொறுக்க வேண்டும். நடுவில் குணமில்லை என்று நிறுத்துவதும் தவறு, சீக்கிரம் குணமாகட்டும் என்று கூட்டிக்கொள்வதும் தவறு.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது மருந்தில் இல்லை. சாப்பிடுகிற முறையில் இருக்கிறது. முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். வழக்கமான அளவு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. மற்ற மாத்திரைகளைப் போலத் தினமும் சாப்பிடுவது என்று எண்ணி விழுங்கியவர்கள் பல நாடுகளில் இறந்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் சீட்டைத் தவறாகப் படித்ததால் போன உயிர்களும் உண்டு. வயதானவர்கள் இருக்கும் வீட்டில், எழுத்துத் தெரிந்த பிள்ளை ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொண்டு, இன்ன கிழமை என்று டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

பக்க விளைவுகளைத் தணிக்க ஃபோலிக் அமில மாத்திரை உண்டு. சத்தும் அதன் சத்துருவும் ஒரே நோயாளிக்கு! இரண்டுமே மஞ்சள் நிறப் பொடிகள். மாத்திரைகளும் பெரும்பாலும் மஞ்சளாகவே இருப்பதால், ஒன்றை மற்றொன்றாக நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் கிழமையில் மட்டும் ஃபோலிக் அமிலத்தை நிறுத்தி, வேறு நாளில் சாப்பிடச் சொல்வது பல டாக்டர்களின் வழக்கம்.